திருகோணமலையில இருந்து ஹோர்ட்டன் சமவெளி: வேர்ல்ட்ஸ் என்ட் வட்டப் பாதைய நடந்து முடிக்க முழுமையான வழிகாட்டி

நம்மட ஊர்ச் சனம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறதெண்டா பெரும்பாலும் நுவரெலியா ட்ரிப்போட ஒட்டித்தான் போறது. ஆறுதலா எழும்பி, சுடுதண்ணியில குளிச்சு, சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் தேடி, ஒன்பது மணி போல வேன் வெளிக்கிட்டு, பத்தரை பதினொண்டுக்கு அங்க போய் இறங்கி, மூச்சு வாங்க நடந்து போய் வேர்ல்ட்ஸ் என்ட் எண்ட செங்குத்து மலை விளிம்பில நிண்டா முன்னால ஒண்டுமே இல்ல, வெள்ளை வெளேரெண்டு முகில் மட்டும்தான். நானும் முதல் தரம் அப்பிடித்தான் போனன். பெரியம்மா முழங்கால் நோவோட அவ்வளவு தூரமும் நடந்து வந்து, அந்த வெள்ளையப் பாத்துட்டு, "இதப் பாக்கவோ தம்பி இவ்வளவு தூரம் கூட்டி வந்தனீ?" எண்டு கேட்டா. அந்தக் கேள்வி மனசுக்குள்ள கிடந்து குத்தினபடியாத்தான் பிறகு மூண்டு தரம் போனன், மூண்டு தரமும் விடிய ஆறு மணிக்கு கேட்டில நிண்டன், மூண்டு தரமும் கீழ சமனலவெவ குளம் வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சுது. கடைசித் தரம் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போனன்.

அதால இதில நான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போறது நேரத்தப் பத்தித்தான். மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகு.

என்ன பாதை, எவ்வளவு தூரம்

ஃபார் இன் எண்டு சொல்லுற இடத்தில தொடங்கி, மினி வேர்ல்ட்ஸ் என்ட், பெரிய வேர்ல்ட்ஸ் என்ட், பேக்கர்ஸ் ஃபோல்ஸ் நீர்வீழ்ச்சி மூண்டையும் பாத்துட்டு, வந்த பாதைக்குத் திரும்பாம வேற பக்கத்தால திரும்ப ஃபார் இன்னுக்கே வந்து சேருற வட்டம், மொத்தம் ஒன்பது ஒன்பதரை கிலோமீட்டர். நல்லா நடக்கிற ஆக்களுக்கு மூண்டு மணித்தியாலம், வயசாக்களும் பிள்ளைகளும் இருந்தா நாலு, நாலரை. கடல் மட்டத்தில இருந்து 2100 மீட்டருக்கு மேல. 1988ல தேசிய பூங்காவா அறிவிச்சது, 2010ல மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பட்டியல்ல இதையும் சேத்தது. ஹோர்ட்டன் எண்ட பேர் 1831இல இருந்து 1837 வரைக்கும் இங்க ஆளுநரா இருந்த ரொபட் வில்மட் ஹோர்ட்டனால வந்தது, அதுக்கு முதலே சிங்களத்தில மகா எலிய எண்டு பேர் இருந்திருக்கு.

நமக்கு இந்த இடத்தோட ஒரு தனிச் சொந்தம் இருக்கு எண்டது கனபேருக்குத் தெரியாது. மகாவலி, களனி, வளவை மூண்டு கங்கைக்கும் தலைத் தண்ணி இந்தச் சமவெளியில இருந்தும் போகுது. அதில மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி எங்க வந்து கடல்ல விழுது? நம்மட கொட்டியாரக் குடாவில, மூதூர்ப் பக்கம். கங்கைப் பாலத்தால மோட்டர் சைக்கிள்ல போகேக்க கீழ கலங்கலா ஓடுதே, அந்தத் தண்ணியில ஒரு பங்கு இந்தப் புல்லில விழுந்த மழையும் பனியும்தான். இத எனக்கு ஸ்கூல்ல வரைபடத்தில படிப்பிச்சவங்கதான், ஆனா அந்தச் சதுப்புப் புல்லில கை வச்சு, கை நனைஞ்ச பிறகுதான் உண்மையா விளங்கிச்சு.

எந்த மாசம்

ஜனவரி, பெப்ரவரி, மார்ச். நம்மட பக்கம் மாரி முடிஞ்சு, தைப்பொங்கல் கழிஞ்ச கையோட போறது சரியான காலம். நமக்குச் சீசன் எண்டு சொல்லுற ஜூன், ஜூலை, ஓகஸ்ட் அங்க தென்மேல் பருவக்காத்து, காத்தும் தூறலும் விடாது, நிலாவெளியில வெயில் கொளுத்துது எண்டு நினைச்சு டீ சேட்டோட போய் நடுங்கின ஆக்கள எனக்குத் தெரியும். ஜனவரியில வானம் தெளிவு, ஆனா விடிய குளிர் கடுமை, சில நாள் புல்லு நுனியில உறைபனி வெள்ளையா நிக்கும். போயா, நீண்ட லீவு நாளுகளத் தவிருங்க, கேட்டில வாகன வரிசையில நிண்டே உங்கட தெளிவான நேரம் போயிடும்.

உடம்ப எப்பிடித் தயார் பண்ணுறது

நாம கடல் மட்டத்து ஆக்கள், ஏத்த இறக்கம் கம்மி. ஒன்பது கிலோமீட்டர் எண்டது உப்புவெளிக் கடற்கரையில நடக்கிற ஒன்பது கிலோமீட்டர் இல்ல, கல்லும் வேரும் கிடங்குமா இருக்கிற பாதை. ரெண்டு மூண்டு கிழமைக்கு முதலே கோட்டை வாசல்ல இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்கிப் பழகுங்க, ஒரு நாளைக்கு ரெண்டு தரம், கடைசிக் கிழமை தோள்ல தண்ணிப் போத்தல் வச்ச பேக்கோட. ஏறுறத விட இறங்கிப் பழகுறது முக்கியம், முழங்கால் பிடிக்கிறது இறக்கத்திலதான். 2100 மீட்டர் பெரிய ஆபத்தான உயரம் இல்ல, ஆனா மூச்சு கொஞ்சம் கெதியா வாங்கும், தலை லேசா பாரமா இருக்கும். முட்டு வருத்தம் இருக்கிற ஆக்கள் பம்ப்ப வேன்ல விட்டுட்டுப் போகாம பொக்கற்றில வச்சிருக்கணும், குளிர்க்காத்து சும்மா இருக்கிற முட்டு வருத்தத்தையும் எழுப்பும். இதய வருத்தம், பிரஷர் இருக்கிற ஆக்கள் டொக்டரிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெளிக்கிடுங்க.

பேக்குக்குள்ள என்ன

சப்பாத்து, அடியில நல்லாப் பல்லு இருக்கிறது. புதுச் சப்பாத்து வேண்டாம், கால் பொக்களிக்கும். பாட்டா செருப்போட நடக்கிற ஆக்களையும் அங்க பாக்கலாம், அவங்க பேக்கர்ஸ் ஃபோல்ஸ் இறக்கத்தில படுற பாட்டையும் பாக்கலாம். உடுப்பு மூண்டு அடுக்கா: உள்ளுக்கு ஒரு டீ சேட், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்தும் தூறலும் போகாத ஜெக்கெட். விடிய மூண்டும் வேணும், எட்டு மணிக்கு ஒண்டக் கழட்டுவீங்க, பத்து மணிக்கு வெயில் சுடும். குளிரா இருக்கு எண்டு நம்பி ஏமாறாதீங்க, அந்த உயரத்தில வெயில் தோல உரிச்சுப்போடும், தொப்பியும் சன்கிரீமும் கட்டாயம். காது மூடுற குல்லா ஒண்டு. ஆளுக்கு ஒரு லீட்டருக்குக் குறையாத தண்ணி.

சாப்பாட்டு விசயத்தில ஒண்டு கவனமா இருக்கணும். உள்ளுக்கு பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டாங்க. ஃபார் இன்ல பாதை தொடங்குற இடத்தில பேக்கத் திறந்து பாப்பாங்க, பிஸ்கட் பக்கற்ற உடைச்சு பேப்பர்ல மாத்தச் சொல்லுவாங்க, தண்ணிப் போத்தல்ல ஒட்டியிருக்கிற லேபிளக் கூட கிழிச்சு எடுப்பாங்க. சில பேர் அங்க நிண்டு வாய் காட்டுறாங்க, அது எனக்குப் பொறுக்காது. நம்மட கோட்டையில மானுகள் லஞ்ச் ஷீட்ட மென்று விழுங்குறத எத்தின தரம் பாத்திருக்கிறம், வயித்துக்குள்ள பொலித்தீன் கட்டிச் செத்த மானுகளப் பத்தி எத்தின தரம் கேட்டிருக்கிறம். அது அங்க நடக்கக் கூடாது எண்டுதான் இந்தச் செக்கிங். வீட்டில இருந்தே சரியாக் கட்டிக்கொண்டு போனா அஞ்சு நிமிசத்தில உள்ளுக்குப் போயிடலாம். நாங்க கொண்டுபோறது ரொட்டியும் கட்டைச் சம்பலும், வாழையிலையில சுத்தி மேல பேப்பர், அவிச்ச முட்டை, வறுத்த கச்சான் ஒரு சின்ன டின்ல, எள்ளுருண்டை, பனங்கட்டி. பிளாஸ்க்கில இஞ்சி போட்ட பிளேன்டி. அந்தப் பிளேன்டிய வேர்ல்ட்ஸ் என்ட்ல குடிக்கிற ருசி வேற எங்கயும் கிடைக்காது.

போறதும் தங்குறதும்

திருகோணமலையில இருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, அது கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். கண்டியில இருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியா நுவரெலியா இன்னும் எழுபத்தேழு போல. பஸ்ஸில போறதெண்டா கண்டியில மாறணும். ரம்பொடை வளைவுகள்ல சத்தி வாற ஆக்களுக்கு தேசிக்காயும் சித்தாலேப பாமும் கையில குடுத்து முன் சீற்றில இருத்துங்க.

இரவோட இரவா ஓடி விடிய நேரா ஹோர்ட்டனுக்குப் போகலாம் எண்டு திட்டம் போடாதீங்க. டிரைவர் நித்திரை இல்லாம மலை வளைவு ஓடுறது ஒரு ஆபத்து, நித்திரை இல்லாத உடம்போட நீங்க மலை நடக்கிறது இன்னொரு ஆபத்து. முதல் நாள் பின்னேரமே நுவரெலியாவுக்குப் போய், எட்டு மணிக்குப் படுங்க. காலமச் சாப்பாடு நாலு மணிக்குத் தரமாட்டாங்க, அதால இரவே கட்டித்தரச் சொல்லிப் பேசி வையுங்க, பொலித்தீன் இல்லாம எண்டு ரெண்டு தரம் சொல்லுங்க.

விடிய நாலேகாலுக்கு எழும்பி, நாலே முக்காலுக்குள்ள வேன் வெளிக்கிடணும். தூரம் முப்பத்திரெண்டு கிலோமீட்டர்தான், ஆனா அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் பாதை ஒடுக்கம், பனி இறங்கியிருந்தா லைற்ற போட்டும் பத்தடிதான் தெரியும். அம்பேவெலவில காத்தாலை சுத்துறத இருட்டுக்குள்ள பாக்க ஒரு மாதிரித்தான் இருக்கும்.

ரயில்ல போக ஆசப்படுற ஆக்களுக்கு பட்டிப்பொல, ஒகிய ரெண்டு ஸ்டேசனும் கிட்ட. பட்டிப்பொல இலங்கையிலயே உயரமான ஸ்டேசன். ஆனா ரயில் வந்து சேருற நேரம் விடியக்காலமைக்கு ஒத்துவராது, முதல் நாளே வந்து அங்கினைக்க தங்கினா மட்டும் சரி.

கேட்டில

ஆறு மணிக்குத் திறக்கும். அடையாள அட்டை எல்லாரிட்டயும் இருக்கணும். உள்நாட்டு ஆக்களுக்கும் வெளிநாட்டுப் பாஸ்போட் ஆக்களுக்கும் டிக்கெட் விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லண்டன், கனடாவில இருந்து வாற சித்தப்பா மாமா ஆக்களோட போற குடும்பங்கள் இத முதலே பேசி வச்சுக்கொண்டு போங்க, கேட்டில நிண்டு காசு கணக்குப் பாக்கிறது நேரத்தையும் தின்னும் மனசையும் நோகடிக்கும். டிக்கெட் எடுத்த பிறகு இன்னும் கொஞ்சத் தூரம் வாகனத்தில ஃபார் இன் வரைக்கும் போகணும். வழியில புல்வெளியில மரை நிக்கும், வாகனம் நிக்கிற இடத்துக்கே பயமில்லாம வரும். ஒண்டும் குடுக்காதீங்க, ஒரு துண்டு பாண் கூட. டொய்லெட் ஃபார் இன்லதான், அதுக்குப் பிறகு வட்டம் முடியும் வரைக்கும் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு நடங்க, பிள்ளைகள முதலே கூட்டிக்கொண்டு போங்க.

நடை

தொடக்கம் லேசு. திறந்த புல்வெளி, மண் பாதை, சின்ன ஓடை ஒண்டக் கடக்கணும். விடிய இந்த இடத்தில புல்லு முழுக்கப் பனித்துளி, சூரியன் சாய்வா அடிக்கேக்க கண்ணாடித் தூள் கொட்டின மாதிரி இருக்கும், எல்லாரும் இங்கயே நிண்டு படம் எடுக்கத் தொடங்குவினம். எடுக்காதீங்க, நடங்க. புல்வெளி திரும்பி வரேக்கயும் அங்கதான் இருக்கும், விளிம்பில தெளிவு அப்ப இருக்காது.

கொஞ்சத் தூரத்தில பாதை ரெண்டாப் பிரியும். ஒண்டு பேக்கர்ஸ் ஃபோல்ஸ் பக்கம், மற்றது மினி வேர்ல்ட்ஸ் என்ட் பக்கம். மினி வேர்ல்ட்ஸ் என்ட் பக்கம் எடுங்க. பிழையாப் போனாலும் வட்டம் வட்டம்தான், ஆனா நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் விழும், பன்னெண்டு மணிக்கும் விழும், காட்சிதான் காத்திருக்காது.

ஏன் காத்திருக்காது எண்டும் சொல்லுறன். இந்தச் சமவெளி தெற்குப் பக்கம் வெட்டின சுவர் மாதிரி ஒரேயடியா முடியுது. வெயில் ஏற ஏற கீழ பள்ளத்து ஈரக்காத்து சூடாகி அந்தச் சுவர ஒட்டி மேல ஏறும், மேல வரேக்க குளிர்ந்து முகிலா மாறும். ஒன்பது, ஒன்பதரைக்கு நீங்க பாத்துக்கொண்டு நிக்கேக்கயே கீழ இருந்து புகை எழும்பி வாறது தெரியும், பத்து நிமிசத்தில மூடிடும். வாசல் கதவ ஆரோ சாத்தின மாதிரி. அதால ஆறேகாலுக்கு நடக்கத் தொடங்கினா எட்டு மணிக்கு முதல் பெரிய வேர்ல்ட்ஸ் என்ட்ல நிப்பீங்க, அதுதான் கணக்கு.

பிரிஞ்ச பிறகு காட்டுக்குள்ள போகும் பாதை, இங்கதான் கரடுமுரடு தொடங்குது. மழைத்தண்ணி அரிச்ச வாய்க்கால் மாதிரி பாதை, ரெண்டு பக்கமும் மண் திட்டு, நடுவில உருண்டைக் கல்லு, அதுக்கு மேல வேர். காலடி எங்க வைக்கிறம் எண்டு பாத்துத்தான் வைக்கணும், நடந்துகொண்டு கைத்தொலைபேசியப் பாக்கிறது வேண்டாம். மரங்கள் உயரமில்ல, காத்து அடிச்சு அடிச்சு குடை விரிச்ச மாதிரி தலை மட்டமாகி, கிளையில தாடி மாதிரி பாசி தொங்கும். ஒரு கிளையத் தெரியாமப் பிடிச்சன், சேட் கை முழுக்க நனைஞ்சு போச்சு, மழை பெய்யவே இல்ல. முகில்ல இருக்கிற ஈரத்த அந்தப் பாசியும் இலையும் பிடிச்சு சொட்டுச் சொட்டா நிலத்துக்கு இறக்குது. இந்தக் காட்டுக்கு முகில் காடு எண்டு பேர் வந்ததும் இதாலதான். அந்த மரத்திலயே, கண்ணுக்கு நேர, மூக்கு நுனியில வெள்ளைக் கொம்பு வச்ச ஒரு ஓணான் இருந்துது. இலங்கையில மட்டும் இருக்கிற சாதி. அசையவே இல்ல, தொண்டை மட்டும் மெதுவா ஏறி இறங்குது. பின்னால வந்த பிள்ளைகள் நாலு பேரும் சத்தம் போடாம நிண்டு பாத்ததுகள், வீட்டில அப்பிடி அமைதியா நிண்டதே இல்ல.

வழியில நெலு எண்டு சிங்களத்தில சொல்லுற பத்தை பாப்பீங்க, நம்மட சங்கப் பாட்டில வாற குறிஞ்சியோட இனம்தான், கன வருசத்துக்கு ஒருக்கா கூட்டமாப் பூக்கிறது. சிவப்புப் பூ கொத்தா நிக்கிற முறுக்கின மரம் மஹ ரத்மல். பிடுங்காதீங்க.

மினி வேர்ல்ட்ஸ் என்ட் கிட்டத்தட்ட 270 மீட்டர் பள்ளம். முதல் தரம் பாக்கிற ஆக்களுக்கு இதுவே வயித்தக் கலக்கும். அஞ்சு நிமிசம் போதும். இங்க இருந்து பெரியது வரைக்கும் பாதை விளிம்புக்குக் கிட்டக் கிட்ட ஏறி இறங்கிப் போகும், இடைக்கிடை மரம் விலகுற இடத்தில மலைத்தொடர் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, கிட்ட இருக்கிறது கரும்பச்சை, அடுத்தது நீலம், கடைசி சாம்பல். என்னக் கேட்டா முழு வட்டத்திலயும் வடிவான துண்டு இதுதான். ஆக்கள் அவசரத்தில தாண்டிப் போறாங்க, அது கவலையா இருக்கு.

பெரிய வேர்ல்ட்ஸ் என்ட். சுமார் 870 மீட்டர். இராவணன் வெட்டில நிண்டு கீழ கடலப் பாக்கேக்க அடிவயிறு கூசுமே, அதப் போல பல மடங்கு, ஆனா கீழ கடல் இல்ல, தேயிலைத் தோட்டமும் நூல் மாதிரி றோட்டும் தீப்பெட்டி அளவில லயன் கூரைகளும். தூரத்தில தகடு மாதிரி மினுங்குறது சமனலவெவ. பெரியம்மா ரெண்டாந்தரம் அங்க வந்து ஒண்டும் பேசேல்ல, கல்லில இருந்து சேலைத் தலைப்பால மூக்க மூடிக்கொண்டு அரை மணித்தியாலம் பாத்தா. பிறகு பிளேன்டி கேட்டா.

விளிம்பப் பத்தி ஒண்டு சொல்லாம விட ஏலாது. கல்லு ஈரமா இருக்கும், புல்லுக்குக் கீழ மண் இருக்கு எண்டு நம்ப ஏலாது. 2015ல ஒரு டச்சுக்காரர் படம் எடுக்கப் பின்னுக்குக் கால் வச்சு விழுந்து, மரத்தில மாட்டுப்பட்டு உயிர் தப்பினவர், ஆமிக்காரர் போய்த்தான் மேல எடுத்தவங்க. அவருக்கு ஒரு மரம் இருந்துது. பிள்ளைகளின்ட கைய நீங்க பிடியுங்க, அவங்கள் உங்கட கையப் பிடிக்கிறது காணாது, ரெண்டும் ஒண்டு இல்ல. செல்ஃபி எடுக்கிறதெண்டா விளிம்புக்கு முதுகு காட்டாம இருந்துகொண்டு எடுங்க.

இங்கயே இருந்து சாப்பிடுங்க, அரை மணித்தியாலம் கால ஆறவிடுங்க, பேப்பர், முட்டைக் கோது எல்லாம் திரும்ப பேக்குக்குள்ள.

அடுத்தது பேக்கர்ஸ் ஃபோல்ஸ் நோக்கி ரெண்டு கிலோமீட்டர் போல. காடு முடிஞ்சு திரும்பவும் புல்வெளி, மேடு பள்ளம், நிழல் இல்ல, வெயில் இப்ப ஏறியிருக்கும். நீர்வீழ்ச்சிக்கு இறங்குற துண்டுதான் முழு நடையிலயும் வழுக்குற இடம், படியும் கல்லும் எப்பவும் ஈரம். பக்கவாட்டா நிண்டு ஒவ்வொரு காலா இறங்குங்க, முழங்கால் நோவு இருக்கிற ஆக்கள் ஒரு ஊண்டுகோல் வச்சிருந்தா நல்லது. இருபது மீட்டர் உயரம்தான், ஆனா அகலமா விரிஞ்சு கறுத்த கல்லில வெள்ளையாக் கொட்டும். குளிக்க இறங்க வேண்டாம், தடை, கீழ சுழியும் இருக்கு. இது பெலிஹுல் ஓயா, இந்தத் தண்ணி நம்மட பக்கம் வராது, வளவையோட சேந்து தெற்குக் கடலுக்குப் போகுது.

இறங்கினத ஏறணும், அதுதான் கடைசி ஏத்தம். பிறகு ஓயாவ ஒட்டி, சமதரையா ஃபார் இன் வரைக்கும். விடிய எடுக்காம விட்ட படமெல்லாம் இப்ப எடுங்க. பதினொண்டுக்கு முதல் முடிச்சிடலாம். நீங்க முடிச்சு வரேக்க முன்னால ஒரு கூட்டம் வெளிக்கிட்டுப் போகும், வேர்ல்ட்ஸ் என்ட் எவ்வளவு தூரம் எண்டு கேப்பினம். சொல்லுங்க, முகிலப் பத்திச் சொல்லி அவங்கட மனச உடைக்காதீங்க, சில நாள் திரும்பத் திறக்கிறதும் உண்டு.

திரும்பி வரேக்க

நனைஞ்ச மேசும் டீ சேட்டும் வேன்ல ஏற முதலே மாத்துங்க, ஈர உடுப்போட இருந்தா குளிர்ல நடுங்குவீங்க. மதியம் ரெண்டு மணித்தியாலம் டிரைவரப் படுக்க விடுங்க. பின்னேரம் வெளிக்கிட்டா ஹபரணைக்கு வரேக்க நடுச்சாமம் ஆகும், அங்கால கல்ஓயாச் சந்தி, அக்போபுர, கந்தளாய் வரைக்கும் காட்டு றோட்டில யானை நிக்கும், லைற்று இல்லாம கறுப்பா றோட்டோரமே நிக்கிறது கிட்டப் போனாத்தான் தெரியும். அதால ஒண்டில் அண்டைக்கு இரவு கண்டியிலயோ மாத்தளையிலயோ தங்குங்க, இல்லாட்டி ஹபரணைச் சந்தியில கடையொண்டில பிளேன்டி குடிச்சு, வேனுக்குள்ளயே கண்ண மூடி, வெளிச்சம் வந்த பிறகு கந்தளாய் றோட்டில இறங்குங்க.